எண்ணி முடிக்கும்வரை காபி வேண்டாம்

பெயர் நெதெல்க்கா ஷ்கார்ப்பா. வயது நாற்பத்தேழு. கணவர் ஸ்திபே, வலை வியாபாரம். முகவரி: பழைய உப்புக் கிடங்குச் சந்து, ஸ்த்ராஜா துறைமுகம், டால்மேஷியா. இத்துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் பயணிகள் கப்பல் விடும் கம்பெனியில் உள்தணிக்கையாளராக வேலை பார்க்கிறேன். கம்பெனிக்குள் எழுதிவைத்தபடி எல்லாம் நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை.

என்மீது கம்பெனி கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மாதா பெருவிழாவுக்கு முந்திய நாளாகிய இன்று, கம்பெனிக்குச் சொந்தமான குழந்தைகள் உயிர்காப்புச் சட்டை ஒன்றைத் திருடினேன் என்றும், தெல்ஃபின் கப்பலின் ஏறுபலகையில் உட்கார்ந்து இடையூறு செய்தேன் என்றும் அதில் உள்ளது. உட்கார்ந்தது உண்மை. திருடவில்லை. அந்தச் சட்டை இந்த மேசைமேல், வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரி இன்ஸ்பெக்டர் லோவ்ரேயின் தொப்பிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கம்பெனிக்கு ஸொரா, தெல்ஃபின் என்று இரண்டு கப்பல்கள். இரண்டும் ஒரே துறையில் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று ஓடும் நாளில் மற்றது நிற்கும். இரண்டிலும் பயணிகள் தளத்தில் குழந்தைகளின் உயிர்காப்புச் சட்டைகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. அவற்றை எண்ணிப் பார்க்க நானும் தலைமைத் தணிக்கையாளர் வின்கோ பர்பாச்சாவும் ஒவ்வொரு வசந்தத்திலும், கப்பல்கள் ஓடத் தொடங்கும் முன், போவோம். எப்போதும் காலையில் ஸொரா. அங்கே மேஸ்திரி பார்பா யுரே காபி கொடுப்பார். இந்த ஊரில் வயதான கடலோடிகளை பார்பா என்றுதான் கூப்பிடுவோம். அதன் பிறகு கரையில் உள்ள கம்பெனிச் சமையலறையில் சமையல்காரர் சுட்ட மீனும் கீரையும் உருளைக்கிழங்கும் வைப்பார், ஒயினும் வரும். சாப்பிட்டு எழுந்து, சிரித்துப் பேசி, அதன் பிறகு தெல்ஃபினுக்குப் போவோம். இந்த வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததும் இல்லை. மீன் நன்றாக இருக்கும்.

எங்கள் தொழிலில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போயாக வேண்டும். போன குளிர்காலத்தில் ஓபாத்தியாவில் நடந்த பயிற்சிக்கு நானும் பர்பாச்சாவும் போனோம். அவரைப் பொறுத்தவரை பயிற்சி என்பது சான்றிதழுக்காக நாற்காலியைத் தேய்ப்பது. பாடம் நடத்திய திருமதி கொசுலிச் என்ற அம்மையார், நகர்த்தக்கூடிய பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும் என்றும், போகிற தகவல் முன்கூட்டித் தெரியக்கூடாது என்றும் கூறினார். அதன் பிறகு, "எண்ணி முடிக்கிறவரைக்கும் அவங்க குடுக்குற எதையும் வாயில வைக்காதீங்க" என்றார். அறையே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "காபி குடிக்காம எங்க ஊர்ல பிரேதப் பரிசோதனைகூட நடக்காதும்மா" என்றார். நானும் சிரித்தேன். பர்பாச்சா மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கி, "முன்கூட்டிச் சொல்லாமப் போனா மரியாதைக் குறைவு இல்லையா?" என்று கேட்டார். அவர் அங்கே கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அதன் பிறகு இந்த வசந்தத்தில் வழக்கம்போல் எண்ணப் போனோம். ஸொராவின் பெட்டியில் ஒரு சட்டையின் விசிலை ஏதோ ஒரு குழந்தை பால்பற்களால் மென்று வைத்திருந்தது. அறுந்த கயிற்றுக்குப் பதிலாகப் பச்சைத் தூண்டில் நரம்பால் அந்த விசிலைக் கட்டியிருந்தார்கள். என் மகளும் சிறுவயதில் கண்டதையெல்லாம் மெல்லுவாள், அதனால் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் பிறகு மீன் சாப்பிட்டோம். அதன் பிறகு தெல்ஃபினில் பெட்டியைத் திறந்தபோது மேலாகவே அதே பச்சை நரம்பும் அதே பல் தடமும் இருந்தன. பெட்டி மாடிப்படிக்குக் கீழே வெயிலே படாத இடத்தில் உள்ளது. சட்டையோ சுடச்சுட இருந்தது.

பர்பாச்சாவிடம் காட்டினேன். "அட ஏம்மா, புள்ளைங்க எல்லா விசிலையும்தான் கடிக்கும். எழுது, சரியா இருக்குன்னு எழுது" என்றார். எழுதினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவர் போனில் பேசினால் யாரோடு என்று காது கொடுத்தேன். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று நினைத்தேன். கணவர் ஸ்திபே, "உனக்குப் புத்தி பிசகிருச்சுடி" என்றார். ஒரு கப்பல் நிற்கும்போதுதானே மற்றது ஓடுகிறது, இருக்கிற சட்டையை ஓடுகிற கப்பலில் வைத்தால் போதாதா என்றும் கேட்டார். நானும் அப்படியே மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மாதா விழாவுக்கு முந்திய மாலையில் மட்டும் இரண்டு கப்பல்களும் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றாகப் புறப்படும் என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

எனவே இன்று பர்பாச்சாவிடம் சொல்லாமல் ஸொராவுக்குப் போனேன். பார்பா யுரே காபிக் கிண்ணத்தோடு வந்தார். வேண்டாம் என்றேன். "என்ன பொண்ணே, என் கையால வேண்டாமா? உங்கப்பனுக்கு ஊத்திக் குடுத்த கை இது" என்றார். முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் பெட்டியைத் திறந்தேன். பெட்டி நிறையச் சட்டைகள் இருந்தன. அந்தப் பச்சை நரம்புச் சட்டையை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், நேராகத் தெல்ஃபினுக்கு நடந்தேன்.

அங்கே பெட்டி பூட்டியிருந்தது. அவசரத்துக்கென்று உள்ள பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டேன். சாவி தன்னிடம்தான் இருக்கிறது, தேட வேண்டும், "அதுவரைக்கும் ஒரு வாய் காபி குடிங்களேன்" என்றார் அங்கே நின்ற கம்பெனிச் சமையல்காரர். சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு பார்பா யுரே ஸொராவிலிருந்து ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஓரத்தில், உயிர்காப்புச் சட்டைகளில் இருப்பது போன்ற ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று தொங்கியது. நான் ஏறுபலகையின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திரு பொண்ணே, வழி விடு, என் பொழப்புல மண்ணப் போடாத" என்றார். வண்டியில் என்ன என்று கேட்டேன். தக்காளி என்றார். பட்டை வைத்த தக்காளியா என்று கேட்டேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஸொராவுக்கே போய்விட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு பர்பாச்சா ஓடி வந்தார். "ஓபாத்தியா போயிட்டு வந்ததுலேருந்து நீ சாமியாரிணி ஆயிட்ட. எழுந்திரு, ஊரே பாக்குது" என்றார். பெட்டியைத் திறந்தால் எழுந்திருப்பேன் என்றேன். அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். காவலர்கள் இருவர் வந்து என்னைத் தூக்கி வந்தார்கள். பர்பாச்சா ஏன் இப்படிச் செய்கிறார் என்பது பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. சந்தேகத்தை வாக்குமூலத்தில் எழுத முடியாது என்று அதிகாரி கூறியதால் சொல்லவில்லை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கம்பெனிச் சமையலறையிலிருந்து காபித் தட்டு வந்தது. கொண்டு வந்தவர், "பர்பாச்சா ஐயா குடுத்து விட்டாரு, நிதானமா எழுதச் சொன்னாரு" என்றார். இன்ஸ்பெக்டர் லோவ்ரே அவர்கள் குடித்தார். நான் குடிக்கவில்லை. இந்த வரியையும் சேர்க்கும்படி கேட்டேன், சேர்த்தார்.

இந்த ஜன்னலிலிருந்து இரண்டு கப்பல்களும் தெரிகின்றன. இரண்டிலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வாக்குமூலம் முடிந்ததும் முதலில் ஒரு கப்பலையும் அடுத்து மற்றதையும் தாமே போய்ப் பார்ப்பதாக அதிகாரி கூறினார். அப்படிப் போனால் இரண்டு பெட்டியுமே நிறைந்திருக்கும் என்றேன். ஒருவர் ஸொராவுக்கு, ஒருவர் தெல்ஃபினுக்கு, ஒரே நேரத்தில், இப்போதே போக வேண்டும் என்றேன். அதிகாரி சிரித்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய்க் கையசைத்தார். யாருக்கு என்று கேட்டேன். "என் பொண்ணுக்கு. அவ அம்மாவோட தெல்ஃபின்ல ஏறுறா" என்றார். எத்தனை வயது என்று நான் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த சட்டையை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அதன் பிறகு அவர் வாசலில் நின்ற காவலர் இருவரையும் அழைத்து, ஆளுக்கொரு கப்பலாக அனுப்பினார்.

சற்று நேரத்தில் வயர்லெஸ்ஸில் முதல் குரல் வந்தது. "ஸொராவுல பெட்டி நெறைய இருக்கு சார்." அதன் பிறகு இரண்டாவது குரல் வந்தது. "தெல்ஃபின்ல பூட்ட ஒடச்சுட்டோம் சார். பழைய திரைச்சீலையும் காலி பாட்டிலும்தான் கெடக்கு."

இதற்குக் கீழே உள்ளவற்றை நானே என் கைப்பட எழுதுகிறேன், ஏனென்றால் பதிவு செய்யும் அதிகாரி அறையில் இல்லை. தொப்பியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். தெல்ஃபினின் ஏறுபலகையை இன்னும் எடுக்கவில்லை. மேலிருந்து ஆட்கள் இறங்கி வருகிறார்கள். அவர்களுக்கு எதிராக ஒருவர் முட்டி மோதி மேலே ஏறுகிறார், அவர் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இருக்கிறது.

மேலே சொன்னதும் எழுதியதும் நான் கண்டதும் செய்ததும்தான், ஒன்றும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. புகாரில் உள்ள இடையூறு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. திருட்டுப் பொருளாகக் காட்டப்பட்ட உயிர்காப்புச் சட்டை இப்போது மேசையில் இல்லை. அதை நான் எடுக்கவில்லை.

(ஒப்பம்) நெ. ஷ்கார்ப்பா