இந்தப் பட்டை யாருக்கு

இல்ல தம்பி, மாத்திக்க வரல. பட்டை நல்லாத்தான் இருக்கு. இத யாருக்கு வித்தீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். உங்க கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. மரத்தச் சுத்தி, இந்த பக்கிள்ல மாட்டி ஒரு இழு இழுத்தா ஹேமக் தொட்டில் நின்னுடும், முடிச்சே வேண்டாம். அதான? தெரியும் தம்பி. நான் புதுசு இல்ல. வருஷக்கணக்கா காட்டுல தொட்டில் கட்டித் தூங்கறவ.

கஸ்டமர் விஷயம் வெளிய சொல்ல மாட்டீங்களா. நல்ல பழக்கம். ஆனா அதச் சொல்லும்போது உங்க கண்ணு எதுக்குக் கதவுப் பக்கம் போகுது? நான் பஸ்ஸுல டிக்கெட் செக் பண்றவ. டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பாக்கவே மாட்டான். ஜன்னல் வழியா ரொம்ப அக்கறையா வேடிக்கை பாப்பான். சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. சரி, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். ஒல்லியா, உயரமா, மூக்குக் கண்ணாடியக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருப்பாரு. உங்க கடைக்கு வந்தா கயிறு மட்டும்தான் வாங்குவாரு. ஆங், அவரேதான். எங்க வீட்டுக்காரர். பக்கத்து சலூன்ல உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன். அவரு ஷேவ் பண்ணிட்டு வர்றதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்.

உக்கார்றதா, அந்தத் தொட்டில்லயா? வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கட்டினத நம்பி நான் எப்படி உக்கார்றது? நின்னுக்கிட்டே பேசறேன்.

அவரு பல் செட் செய்யற லேப் வெச்சிருக்காரு. ஒரு பல்லு இம்மி தூக்கி நின்னாலும் தூக்கம் வராது அவருக்கு. காட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். கயிறு, முடிச்சு, அவ்வளவுதான். பக்கிள்னா கட்டத் தெரியாதவனுக்குப் போட்ட பிச்சைம்பாரு. கட்டறது பாதி வேலை, அவுக்கறது மீதி, முடிச்சுக்குக் கத்தி எடுத்தவன் தோத்தவன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்காரு. ஒரு தடவ கொட்டற மழை, முடிச்சு ஊறிப்போய் இறுகிக் கிடக்கு. அறுத்துத் தொலைங்கன்னு நான் கெஞ்சறேன். கேக்கல. நனைஞ்சுக்கிட்டே நின்னு நகத்தால அவுத்தாரு. மூணு நாள் ஜுரம். யாருக்கு? எனக்கு.

அவரு ஃப்ரெண்டு ஒருத்தரு இருக்காரு, கிராம்னு கூப்பிடுவோம். பையில ஒரு கிராம் கூடக்கூடாது அவருக்கு. டூத் பிரஷ்ல பாதிய வெட்டி எறிஞ்சிட்டுத்தான் கிளம்புவாரு. தார்ப்பாய் கனம், போர்வை கனம், அடுப்பு கனம். அப்பறம் குளிர்ல பல்லு தாளம் போட விடியக்காலைல எந்திரிச்சு வந்து, அண்ணி டீ இருக்குதாம்பாரு. என் டீ மட்டும் கனக்காது. நானா? நான் நத்தை தம்பி. வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டுப் போவேன். தார்ப்பாய், தலையணை, அடுப்பு, பானை, எல்லாம் வரும். தொட்டில தாழக் கட்டுவேன், விழுந்தா மானம் மட்டும் போகட்டும்னு. குறுக்கால படுப்பேன், அப்பதான் முதுகு நேரா இருக்கும். அவரு நேராப் படுத்து வில்லு மாதிரி வளைஞ்சுக்கிட்டு மூஞ்சில தொப்பியக் கவுத்துக்குவாரு.

ஆனா ஒரு வழக்கம் மட்டும் எங்களுக்கு மாறினதே இல்ல. மூணு மரம் பாப்போம். நடு மரம் ரெண்டு பேருக்கும் பொது. என் தொட்டில் இந்தப் பக்கம், அவரு தொட்டில் அந்தப் பக்கம், ரெண்டு பேர் தலையும் நடு மரத்துக்கு. மூஞ்சி தெரியாது, குரல் மட்டும் கேக்கும். எனக்கு ஷிப்ட், அவருக்கு லேப்புன்னு வீட்ல நாங்க பேசறது கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்ற அளவுலதான். எங்க குடும்பமே அந்த நடு மரத்துக்குக் கீழதான் நடந்துச்சு. பொண்ணுக்கு மாப்பிள்ளை பிடிச்சது, என் மாமியார் போனது, எனக்கு வேலை போகப் பாத்தது, எல்லாம் அங்கதான் பேசினோம்.

அதத்தான் அவரு நிறுத்திட்டாரு. மழைக்காலம் முடிஞ்சதுலேருந்து. நீ குறட்டை விடற, நான் தள்ளிக் கட்டிக்கறேன்னாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து விடறேன், இப்பதான் காதுல விழுந்துச்சா? தள்ளின்னா கொஞ்சமாத் தள்ளி இல்ல. பாறைக்கு அந்தப் பக்கம், புதருக்கு மறைவா. நான் மெதுவா நடக்கறவ, இலை பூன்னு நின்னு நின்னு வருவேன். முன்னெல்லாம் எனக்காக நின்னு கூட்டிட்டுப் போவாரு. இப்ப, நீ மெதுவா வா, நான் போய் மரம் பாக்கறேன்னு விறுவிறுன்னு போயிடறாரு. நான் போய்ச் சேர்றப்ப தொட்டில் கட்டியாச்சு. காலைலயும் அப்படித்தான். நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள அவுத்துச் சுருட்டியாச்சு. அவரு கட்டி நான் பாத்து எத்தனை மாசமாச்சுன்னே தெரியல. நீங்களே சொல்லுங்க, சந்தேகம் வருமா வராதா?

கேளுங்க, இன்னும் இருக்கு. அவரு பைய துவைக்கலாம்னு கொட்டினேன். அடியில கயிறு. துண்டு துண்டா, கத்தியால அறுத்த கயிறு தம்பி. கத்தி எடுத்தவன் தோத்தவன்னு சொல்ற மனுஷன் பையில அறுத்த கயிறு எப்படி வரும்? அவரு அறுத்திருக்க மாட்டாரு. அப்ப வேற யாரோ அறுத்திருக்காங்க. அவரு கூட வேற யாரோ இருக்காங்க. முடிச்சு அவுக்கத் தெரியாத யாரோ. கட்டிக்கிட்டவ நான் கெஞ்சியும் அறுக்காத கயித்த, அந்த ஆளு அறுக்கறப்ப சிரிச்சிக்கிட்டு நின்னிருக்காருன்னா, அந்த ஆளு யாரு? அதுக்குக் கீழ பாத்தா இந்தப் பட்டை. அவரு வாயால சொன்ன அதே பிச்சை.

இல்லாத ஒருத்திக்கு நானே மூஞ்சி வெச்சேன், முடி வெச்சேன், சிவப்பு ஷூகூட மாட்டிவிட்டேன். கிராமுக்கு போன் போட்டேன். நான் அவரு கூடப் போயி ரொம்ப நாளாச்சே அண்ணின்னாரு. அது இன்னும் மோசம் பாருங்க, கிராமும் இல்லன்னா வேற யாரு? அப்பறம் போற எடத்துலயெல்லாம் மரத்துப் பட்டையத் தடவித் தடவிப் பாத்தேன், எங்கயாவது இன்னொரு தொட்டில் கட்டின தடம் இருக்குதான்னு. அவரு பாத்துட்டு, என்ன மரத்துக்கு வைத்தியம் பாக்கறியான்னு கேட்டாரு. ஆமா, சீக்கு யாருக்குன்னு தெரியலன்னேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. என்ன சொல்லி இத வாங்கினாரு? மறைக்காதீங்க. என் பொண்ணு வயசுதான் உங்களுக்கு, உங்களத் திட்ட மாட்டேன்.

ஃப்ரெண்டுக்கா.

கை வராத ஃப்ரெண்டுக்கு. அப்படியேவா சொன்னாரு? நீங்களா ஏதும் சேத்துச் சொல்லலையே? ம். கை வராத ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், அவனுக்குன்னு. கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி.

இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு வகையில நிம்மதி. எனக்குச் சொல்லாதத உங்களுக்குச் சொல்லியிருந்தாருன்னா தாங்கியிருக்க மாட்டேன். அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். யாருக்குன்னு எனக்குப் போன தடவையே தெரிஞ்சு போச்சு.

பின்னாலயே போனேன் தம்பி. மெதுவா நடக்கற நான், அவரு மரம் பாக்கப் போறேன்னு கிளம்பினதும் பைய வழியிலயே போட்டுட்டு ஓடினேன். வெயில் இன்னும் மரத்து மேல இருந்துச்சு. பாறைக்கு இந்தப் பக்கம் ஒளிஞ்சு நின்னேன். யாரும் இல்ல. அவரு மட்டும்தான். மொதல்ல பட்டைய எடுக்கல, கயித்தத்தான் எடுத்தாரு. மரத்தச் சுத்திக் கொண்டு வந்து மடிச்சாரு. வலது கை நிக்கல தம்பி. ஆடுது. கயித்து நுனி ஓட்டைக்குள்ள போக மாட்டேங்குது. இடது கையால வலது கையப் பிடிச்சுப் பாத்தாரு. அப்பறம் அந்தக் கையப் பாத்து, வா, வா, அவ வந்துடுவான்னாரு. குழந்தையக் கூப்பிடற மாதிரி. எப்படியோ ஒரு முடிச்சு விழுந்துச்சு, தப்பு முடிச்சு, பாதியில சிக்கிக்கிச்சு. அவுக்கவும் வரல. கத்தி எடுத்தாரு. அறுத்துட்டு அந்தத் துண்ட ஒடனே பைக்குள்ள திணிச்சாரு, சுத்தியும் முத்தியும் பாத்துக்கிட்டு. அப்பறம்தான் உங்க பட்டைய எடுத்தாரு.

நான் தேடின ஆளு அவருதான். கை வராத ஆளு, கயித்த அறுத்த ஆளு, எல்லாம் அவருதான். சிவப்பு ஷூக்காரியா இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

வந்த வழியே திரும்பிப் போய்ப் பைய மாட்டிக்கிட்டு, பானைய டமடமன்னு தட்டிக்கிட்டே வந்தேன், அவருக்குக் கேக்கட்டும்னு. வந்து பாத்தா தொட்டில்ல படுத்திருக்காரு, மூஞ்சில தொப்பி. என்ன இவ்வளவு நேரம்னு என்னையக் கேக்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அழுகையும்தான். டீ போட்டுக் குடுத்தேன்.

டாக்டர்கிட்ட காட்டணும், ஆமா. எனக்கும் தெரியும். உங்க கை ஆடுதுன்னு நான் போய் நின்னா, ஆடலையேன்னு கைய சட்டைப் பைக்குள்ள விட்டுக்குவாரு. கைதான் அவருக்குப் பொழப்பு, கௌரவம், எல்லாம். அவரா சொல்லணும். அவரு சொல்ற எடம் நடு மரம் ஒண்ணுதான். அதுக்குப் பக்கத்துல வந்து கட்டணும். பக்கத்துல வந்து கட்டணும்னா எம் முன்னாடி இந்த பக்கிள எடுக்கணும். செத்தாலும் எடுக்க மாட்டாரு. எடுக்கற மாதிரி நாமதான் பண்ணணும்.

நாமன்னா நீங்களும்தான். வித்தீங்கல்ல?

என் கைக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கண்ணக் கட்டிவிட்டாலும் முடிச்சு போடுவேன், அவரு கத்துக் குடுத்தது. ஆனா இன்னைலேருந்து எனக்கு வராது. நான் பட்டை கேப்பேன். ரெண்டு செட்டாத்தான் வரும், ஒண்ணு தனியாக் குடுக்கறதில்லன்னு நீங்க சொல்லணும். இன்னொண்ணு வீணாப் போகுதேன்னு நான் கத்துவேன். இருந்துட்டுப் போகட்டும், நான் வெச்சிக்கறேன்னு அவரு சொல்லுவாரு. சொல்லணும். இந்தப் பழைய பட்டைய நான் எடுத்த எடத்துலயே வெச்சிடறேன், நான் பாக்கவே இல்ல. உங்களுக்குப் பொய் சொல்ல வருமா? வராதுன்னு மூஞ்சிலயே தெரியுது. பரவாயில்ல, பில்லு போடற மாதிரி குனிஞ்சுக்கிட்டே சொல்லுங்க. கதவப் பாக்காதீங்க.

அங்க சலூன்ல எந்திரிச்சிட்டாரு. வர்றாரு.

வாங்க, முடிஞ்சுதா? பரவாயில்லையே, பத்து வயசு கொறைஞ்சிடுச்சு. இந்தத் தம்பிகிட்ட என் கஷ்டத்தத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட சொன்னா கேலி பண்ணுவீங்கன்னு சொல்லாம மறைச்சு வெச்சிருந்தேன். என்னமோ தெரியல தம்பி, இப்பல்லாம் எனக்கு விரலே மடங்க மாட்டேங்குது. ஒரு முடிச்சு ஒழுங்கா விழ மாட்டேங்குது. கயிறு இல்லாம கட்டற மாதிரி ஏதாவது இருக்குதா?