நாலாவது பாட்டில் கேட்கும் இடி

அச்சகக்காரர்: ...என் ரெண்டு கண்ணு மேலயும் சத்தியம் சம்பந்தி. நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

கட்டடக்காரர்: போன தடவை இப்படிச் சத்தியம் பண்ணித்தான் கண்ணாடி போட்டீங்க.

அச்சகக்காரர்: அது வயசு. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

கட்டடக்காரர்: பக்கத்து ரூம்ல ராக் குழு வச்சிருக்காங்களே, அந்தப் பசங்க லெட்டர் கொடுத்திருக்காங்க. போன மாசம் அங்கயே பதிவு பண்ணின ஆல்பம் வெளிய வந்தாச்சு. நாலாவது பாட்டுல உங்க பிரிண்டிங் மெஷின் இடிக்கிறது நல்லாக் கேட்குதாம்.

அச்சகக்காரர்: கேட்கும். ஏன் கேட்காது?

கட்டடக்காரர்: அதனால நீங்க இடத்தைக் காலி பண்ண வேண்டி வரும்னு...

அச்சகக்காரர்: காலியா! "அச்சு ஓடுற வரைக்கும் இந்த இடம் உங்களுது"ன்னு பிள்ளைங்க கல்யாணத்தப்பவே வாக்குக் கொடுத்தீங்க!

கட்டடக்காரர்: இல்லைன்னு சொன்னேனா?

அச்சகக்காரர்: காலி பண்ணிட்டு நான் பகல்ல எங்க போறது? உங்க பொண்ணுகிட்டயா?

கட்டடக்காரர்: ஏன், என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?

அச்சகக்காரர்: தங்கமான மருமகள். சும்மா உட்கார்ந்தா வெங்காயம் உரிக்கக் கொடுத்துடுது. ஒரு நாள் உரிச்சேன். நான் விட்ட கண்ணீர்ல ஹால்ல நாற்காலி மிதந்துச்சு.

கட்டடக்காரர்: சம்பந்தி...

அச்சகக்காரர்: சரி, முழங்கால் அளவுதான். நீங்க ஆல்பத்தைக் கேட்டீங்களா?

கட்டடக்காரர்: ரெண்டு தடவை.

அச்சகக்காரர்: நான் அது பிறக்கறதுக்கு முன்னாடியே கேட்டவன். நடுவுல ஒரு சுவர்தானே! நிறை குறை ரெண்டையும் சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. முதல் பாட்டு அருமை. பாடுறவன் தொண்டையில சரளைக்கல்லை உருட்டுறான். ஆனா மனசார உருட்டுறான். ரெண்டாவதுல கிட்டார் தனியாக் கிளம்புதே...

கட்டடக்காரர்: நாலு நிமிஷம்.

அச்சகக்காரர்: நாலு நிமிஷமும் வீட்டுக்கு வழி தெரியாம அலையுது. இந்தச் சுவத்துல ஒரு பல்லி இருந்துச்சு. பதினோரு வருஷமா இருந்த பல்லி. கிட்டார் மூணாவது நிமிஷத்தைத் தொட்டதும், நிதானமா இறங்கி, வாசப்படியில ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, தெருவோட போயிடுச்சு.

கட்டடக்காரர்: பல்லி... திரும்பிப் பார்த்துச்சு?

அச்சகக்காரர்: என்னைத்தான். "நீ வரலையா?"ங்கிற மாதிரி.

கட்டடக்காரர்: மூணாவது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அச்சகக்காரர்: மெட்டு நல்ல மெட்டு. வார்த்தைதான்... "தனிமை, தனிமை"ன்னு நாற்பது தடவை. அஞ்சு பேரு ஒரே ரூம்ல ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க, என்ன தனிமை?

கட்டடக்காரர்: நழுவாதீங்க. நாலாவதுக்கு வாங்க.

அச்சகக்காரர்: அதுதான் ஆல்பத்தோட உசிரு! டிரம்ஸ் பையனுக்கு ஒரு வியாதி. பாட்டு நல்லா வர ஆரம்பிச்சா ஓடுவான். பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம். அன்னிக்கு ஓடின ஓட்டத்துல குச்சி கையை விட்டுப் பறந்து, ஜன்னல் வழியா வந்து, இதோ, என் டீ கிளாஸ்ல நட்டுக்கிட்டு நின்னுச்சு.

கட்டடக்காரர்: டீ சிந்தலையா?

அச்சகக்காரர்: சர்க்கரை கலங்குச்சு, அவ்வளவுதான். அவன் சுத்திக்கிட்டு வந்து குச்சியை எடுத்துட்டுப் போற வரைக்கும் தாளம் யாரு போட்டது? என் மெஷின்! தும்... தும்... தும்... இம்மி பிசகலை. மத்த நாலு பேரும் அதைப் பிடிச்சுக்கிட்டே கரையேறிட்டாங்க. அதைப் போய்க் குறைங்கறீங்க!

கட்டடக்காரர்: குறைன்னு நான் எப்பச் சொன்னேன்?

அச்சகக்காரர்: காலி பண்ணணும்னு...

கட்டடக்காரர்: என்னை எங்க முடிக்க விட்டீங்க? "அவர் காலி பண்ண வேண்டி வரும்னு கேள்விப்பட்டோம், தயவுசெஞ்சு அனுப்பிடாதீங்க"ன்னு எழுதியிருக்காங்க. இந்தாங்க, படிங்க.

அச்சகக்காரர்: ...நான்தான் அப்பவே சொன்னேனே, நல்ல பசங்கன்னு.

கட்டடக்காரர்: எப்பச் சொன்னீங்க?

அச்சகக்காரர்: மனசுக்குள்ள. இதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல?

கட்டடக்காரர்: சொல்லியிருந்தா பல்லி கதை கிடைச்சிருக்குமா? கேளுங்க. பத்திரிகையில விமர்சனம் எழுதினவர், ஆல்பத்துலயே நல்ல இடம் அந்தத் தும் தும்தான்னு எழுதிட்டாராம். அடுத்த ஆல்பத்துக்கு உங்க மெஷின் வேணுமாம்.

அச்சகக்காரர்: ஒரு பாட்டுக்கா?

கட்டடக்காரர்: பத்துப் பாட்டுக்கும். மைக்கோட வெளிய நிக்கிறாங்க. அந்த உள்ரூம் கதவைத் திறங்க.

அச்சகக்காரர்: உள்ளயா... ஒரே மை வாடை. உங்களுக்கு மூச்சு இழுப்பு வேற.

கட்டடக்காரர்: மூக்கைப் பொத்திக்கிறேன்.

அச்சகக்காரர்: அதுக்கு இன்னிக்கு ஓய்வு நாள் சம்பந்தி.

கட்டடக்காரர்: காலையில நான் மாடியில இருந்து இறங்கும்போது ஓடிச்சே?

அச்சகக்காரர்: அதாவது... நீங்க இறங்கும்போது...

கட்டடக்காரர்: சாவி.

அச்சகக்காரர்: கோபப்படக் கூடாது.

கட்டடக்காரர்: மாட்டேன்.

அச்சகக்காரர்: வாக்கு வாக்காவே இருக்கணும்.

கட்டடக்காரர்: சாவி எங்க சம்பந்தி?

அச்சகக்காரர்: ...மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. நாலாவது பாட்டு அன்னிக்கும் சரி, இன்னிக்குக் காலையிலயும் சரி, மாடிப்படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டா, மரச்சுத்தியலை எடுத்து மேசையில அடிக்கிறது நான்தான்.