இரண்டாவது கிளாஸ்

காலையில் பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுகிறேன். அடுப்பைப் பற்றவைக்கிறேன். பல் துலக்குவதற்குள் பொங்கிவிடும். துடைக்கிறேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். பிறகு சூலூர் பஸ். இன்று பஸ் ஏறவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இங்கே வந்தேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் செங்கோட்டையன் அதைச் செய்யவில்லை.

நானும் அவனும் ஒரே மில்லில் இன்ஜினீயர்கள். மில்லுக்குச் செக் நாட்டு மெஷின்கள் வந்தபோது அவனைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன், பில்ஸ்னர் என்ற அந்த ஊர் பீரை வீட்டிலேயே காய்ச்சக் கற்றிருந்தான். நானும் காய்ச்சினேன். அதற்கென்று பழைய ஃபிரிட்ஜ் வாங்கினேன்.

மார்க் போடுவது என் மனைவி மதிவதனி. தேயிலை ஏலக் கம்பெனியில் டீ ருசி பார்ப்பவள். எந்தத் தோட்டத்து இலை என்று கேட்காமல் உறிஞ்சி, துப்பி, மார்க் சொல்வது அவள் தொழில். பீருக்கும் அப்படியே. அவன் காய்ச்சியதில் ஒரு பாட்டில் வாங்கி வந்து, என்னுடையதையும் அதையும் இரண்டு கிளாஸில் ஊற்றி வருவேன். நாக்கு களைக்கும் முன் ருசிக்கட்டும் என்று என்னுடையதை முதலில் வைப்பேன். எது யாருடையது என்று அவளிடம் சொல்லமாட்டேன்; மார்க்கை அவனிடம் சொல்லமாட்டேன். நுரை, நிறம், கசப்பு எல்லாம் பார்த்து என்னுடையதற்கு ஐந்து போடுவாள். அவனுடையதற்கு ஒன்பது. ஒன்பது என்னும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவனுக்கானது என்று எனக்குத் தெரியும். மாலையில் அவன் வந்து தன் பாட்டிலின் மீதியைக் குடித்து முடிப்பான்.

போன தடவை வந்தபோது, "ஏனுங்க அம்மணி, டீயாட்டம் துப்பிப்போட்டா பீருக்குக் கோவம் வந்துருமுங்க. முழுங்கோணும். கசப்பு தொண்டையிலதான் தெரியும்" என்றான்.

"அப்ப அடுத்த தடவை முழுங்கியே பாக்கறனுங்க" என்றாள். பக்கத்தில்தான் இருந்தேன்.

தென்னைக்கு வைக்கும் பூச்சிமருந்தை அவன் பாட்டிலில் கலந்து மூடியை இறுக்கினேன். அவள் துப்பிவிடுவாள், அவன் குடிப்பான். அவ்வளவுதான் என் எண்ணம். வாடை தெரியக்கூடாது என்று அவளுக்குச் சளி பிடித்திருந்த நாளாகப் பார்த்தேன். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கிளாஸுக்கு "அஞ்சு" என்றாள். இரண்டாவதில் ஒரு வாய் விழுங்கினாள். கிளாஸைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் மார்க் இன்னும் வரவில்லை. காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு வாய் விழுங்கினாள்.

கடைசியாக அவள் செங்கோட்டையன் பெயரைச் சொன்னதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"மூக்கடைப்புல ஒண்ணுந் தெரியலீங்க. ஆனா ரெண்டாவதுதான உங்களுது? அடுத்தவங்களுத மொதல்ல வெச்சு மரியாதை பண்றவராச்சே நீங்க. எப்பவும் போல ஒம்பதே போட்டுக்குங்க."