நேர்வரிசை கோணலாய்த் தெரிந்த காலத்தே பொன்னுரங்கம் அவர்களுக்கு வாசித்தளிக்கும் பிரிவுபசார மடல்

பெட்டிகளை அடுக்கிய பெருந்தகையே! திருவொற்றியூர் யார்டின் நடமாடும் ரசமட்டமே! முப்பத்து நான்கு ஆண்டுகள் கன்டெய்னர்களை ஓரங்குலமும் ஓரம் சாயாமல் ஒழுங்குற நிறுத்திய மேற்பார்வையாளர் பொன்னுரங்கம் அவர்களே! வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறுவது முப்பத்தொன்றாம் தேதி. இன்று பதின்மூன்று. விழாவை ஏன் முன்னிழுத்தார்கள் என்று காலையிலிருந்து கடுகடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பொறுத்தருள்க.

இந்த யார்டில் கயிறு பிடித்து அளந்தவர் இல்லை. தாங்கள் இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் ஒருமுறை பார்த்தால் அதுவே அளவு, அதுவே ஆணை. ஆதலால் சென்ற மாதம், "இன்னாடா சாலமோன், வரிசை பாம்பாட்டம் நெளியுது! தள்ளி வையி!" என்று தாங்கள் முழங்கியபோது வண்டியோட்டி சாலமோன் மறுத்துப் பேசவில்லை. மாற்றி வைத்தார், மறுபடியும் மாற்றி வைத்தார். "இப்பதான்டா நேரா கீது" என்று தாங்கள் மனம் குளிர்ந்த வேளையில் ஆறாம் வரிசை அரிவாள்போல் வளைந்திருந்தது. எங்களுக்குச் சந்தேகம் வந்தது எங்கள் கண்கள்மேல்தான். இருவர் கண்ணாடியே மாற்றிவிட்டனர். டிரெய்லர் ஒன்று அவ்வளைவில் சிக்கி நாள் முழுதும் நகராமல் நின்ற பிறகே எங்களுக்கு உறைத்தது.

கணினிப் பிரிவு ஃபராதான் தங்களை ஜன்னலெதிரே நிறுத்தினார்.

"மாமு, இடது கண்ண மூடிக்கினு கம்பியப் பாருங்க."

"நடுவுல வளைஞ்சி கீது. எவன்டா வளைச்சான்?"

"இப்ப வலது கண்ண மூடுங்க."

கம்பி நேராகிவிட்டது. தாங்கள் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தீர்கள். இத்தனை ஆண்டுகளில் தாங்கள் ஒன்றை இரண்டாம் முறை பார்த்து நாங்கள் கண்டது அன்றுதான்.

முந்தாநாள் கண் மருத்துவர் அம்மையார் படம் காட்டி விளக்கினார்: வலது விழித்திரையின் மையத்தருகே இரத்தக்குழாய் கசிகிறது, நட்டநடுவை இன்னும் எட்டவில்லை. எட்டுமுன் லேசரால் அடைத்தால் மிச்சப் பார்வையைக் காக்கலாம். முழு உறுதி சொல்ல முடியாது. ஆனால் தாமதித்தால் போனது போனதுதான். தாங்களோ, "செண்ட் ஆஃப் முடியட்டும் டாக்டரம்மா, மறுநாளே வந்துர்றேன்" என்று எழுந்துவிட்டீர்கள். அஞ்சாநெஞ்சர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் படியிறங்கி முடிக்கும்வரை ஃபராவின் கைப்பை வாரைத் தாங்கள் விடவேயில்லையாம்.

நேற்று, யாரும் சொல்லாமலே இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, "சாலமோனு, உன் மூக்கு எங்கடா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

ஆகவே, அருந்தகையீர்! செண்ட் ஆஃப் இத்துடன் இனிதே முடிந்தது. சால்வை போர்த்தியாயிற்று, கேசரி பரிமாறியாயிற்று, மேலாளர் நான்கே வரியில் பேசி அமர்ந்தும்விட்டார். லேசருக்குப் பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். தங்கள் ஏற்புரையை வேறொரு நாள் கேட்டுக்கொள்கிறோம். அன்று எங்கள் முகங்களை மூக்கோடு பார்த்துப் பேசுங்கள். நீடூழி வாழ்கவென நிதானமாய் வாழ்த்த நெஞ்சம் உண்டு, நேரம் இல்லை. சாலமோன் வண்டியை ஓடவிட்டபடி வைத்திருக்கிறார். ஃபரா ரிப்போர்ட்டுகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தருள்க, மாமு. மாலையை வண்டியில் கழற்றிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்களை வாசல்வரை தள்ளிக்கொண்டு வரும்
யார்டுப் பணியாளர்கள்