சோறு ஒட்டாத ஓட்டம்

"ஏட்டி, இந்தத் தடவ சோறு ஒட்டாம ஓடப் போறேன்."

சயானில் ரயில் கிளம்பியதும் லேடீஸ் பெட்டியில் இப்படி ஒரு குரல். சோற்றை ஒட்டிக்கொண்டு யார் ஓடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சொன்னவள் நீலச் சுடிதார். கையில் செல்போன், அதில் பள்ளிக்கூடத்து அறிவிப்பு. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா. அம்மாக்களுக்கும் ஒரு போட்டி உண்டு: வாயில் ஸ்பூனைக் கவ்வி, அதில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட வேண்டும். எதிரே டிபன் பையோடு அவள் தோழி. இருவரும் படித்த தாராவிப் பள்ளியில்தான் பிள்ளைகளும் படிக்கிறார்கள் போல.

"மூணாங்கிளாஸ்ல நான் ஃபர்ஸ்ட் வந்தேம்லா. மத்தியானச் சோத்த நசுக்கி, ஸ்பூன்ல பழத்த ஒட்டிட்டுத்தான் ஓடுனேன். நீ செகண்ட் வந்து அழுத."

"தெரியும். பக்கத்துலதான ஓடுனேன். ஒம் பழம் ஆடவே இல்ல."

"பொறவு ஏன் டீச்சர்ட்ட சொல்லல?"

"ஒங்க அம்மா வந்திருந்தாவ. ஒருநாளும் ஸ்கூலுக்கு வராதவுக, அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து, நிக்கவுககிட்டல்லாம் 'எம் மவ, எம் மவ'ன்னு காட்டிக்கிட்டு நின்னாவ. அதுல போயி என்னத்தச் சொல்ல?"

நீலச் சுடிதார் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். குர்லா வந்து போனது.

காட்கோபரில் இறங்க எழுந்தபோது தோழி சொன்னாள்:

"ஆனா சனிக்கெழம எம் மவ பாத்துக்கிட்டு நிப்பா. சோறு ஒட்டுனா டீச்சர்ட்ட சொல்லிருவேன்."