பிஸ்கட்டின் பெர்மிட்

— வாலை விட்டுடாதீங்க, மிசஸ் பிண்டர். ஸ்கேனர் இன்னும் ஒரு முழம் கீழ போகணும்.

— வாலை நான் பிடிக்கல, ஆபீசர். வால்தான் என் இடுப்பைப் பிடிச்சிருக்கு. கழுத்துகிட்டயே தோலுக்கடியில இருக்கிற சிப் சத்தம் கொடுத்திருச்சு, நம்பர் வந்திருச்சு, பெர்மிட்டோட ஒத்துப்போச்சு. அப்புறம் எதுக்கு வால் வரைக்கும்?

— விதிப்படி உடம்பு முழுக்கப் பார்க்கணும்.

— போன தடவை வந்தவங்க பார்க்கலையே. ரெண்டு பேரு வந்தாங்க, பச்சைச் சட்டை, துறை ஜீப்பு. கழுத்துல ஒரு பீப், கையெழுத்து, ஆளுக்கு ஒரு காபி, அவ்வளவுதான். நீங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம், தனியா, சொந்த வண்டியில, டீ-ஷர்ட்டோட வந்து நிக்கறீங்க.

— வாசல்ல அட்டையைக் காட்டினேனே, மேடம். வார்னடோ, வனவிலங்குத் துறை. படிச்சுப் பார்த்துட்டுத்தானே கேட்டைத் திறந்தீங்க?

— அட்டையைப் படிச்சேன். உங்களை இன்னும் படிக்கல. சரி, சீக்கிரம் முடிங்க. பன்னிரண்டு அடி மிருகம், சும்மா சுத்தியிருந்தாலே மூச்சு வாங்குது.

— பாம்பு எப்ப வாங்கினது?

— அதான் சுவத்துல மாட்டியிருக்கே. லொரெட்டா பிண்டர், ஹோம்ஸ்டெட், பர்மா மலைப்பாம்பு, ஆண், ஒண்ணு. பேரு பிஸ்கட். ஓர்லாண்டோ கண்காட்சியில வாங்கும்போது ஷூ லேஸ் அளவு. அப்ப எந்தச் சட்டமும் கிடையாது, தயிர் கப்புல போட்டுக் கையில கொடுத்தாங்க.

— சட்டம் வந்தப்புறம் என்ன நிபந்தனைன்னு தெரியும்ல?

— ஸ்கூல் பஸ் ஓட்டுறவ நான். என் வண்டியில ஏறுற பிள்ளைங்களே ஒப்பிக்கும். இருக்கிறதை அது சாகிற வரைக்கும் வெச்சுக்கலாம். செத்தா இன்னொண்ணு கிடையாது. விக்கக் கூடாது, குட்டி எடுக்கக் கூடாது. பூட்டுப் போட்ட பெட்டி. தப்பிச்சா அன்னைக்கே துறைக்கு போன். காட்டுல விட்டா பெருகி மத்த மிருகத்தையெல்லாம் தின்னு தீர்த்துடும்னு அதுக்கு ஜெயில். அந்த நோட்டீஸைக்கூட என் பஸ்ஸோட முதுகுல ஒட்டியிருக்காங்க.

— நல்லா ஒப்பிக்கறீங்க. அப்ப இதுக்கு பதில் சொல்லுங்க. பெட்டிக்குள்ள பதினேழு வருஷம் படுத்திருந்த பாம்புக்கு வயித்துச் செதில் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு? இது காகித விரிப்புல ஊர்ந்த வயிறு இல்ல. சுண்ணாம்புப் பாறையில ஊர்ந்த வயிறு.

— வயசானா தேயாதா? என் முட்டியைப் பாருங்க.

— மூக்குல கீறல். பல்லுத் தடம். உயிரோட இருக்கிற நீர் எலியைப் பிடிச்சாத்தான் இப்படி ஆகும். நீங்க என்ன தீனி போடுறீங்க?

— முயல். ஐஸ்ல வெச்சது.

— ஐஸ் முயல் கடிக்காது, மேடம்.

— இப்ப மறுபடி ஒரு பீப் கேட்டுச்சு.

— கேட்டுச்சு. வாலுக்கு ஒரு அடி மேல. இது ரெண்டாவது சிப்.

— ஸ்கேனர் கெட்டுப்போயிருக்கும்.

— கெடல. நம்பரைப் பாருங்க, இது உங்க பெர்மிட் நம்பர் இல்ல. எங்க துறை நம்பர். சதுப்புல ஆண் மலைப்பாம்பைப் பிடிச்சு, வயித்துல ரேடியோவும் வாலு பக்கம் சிப்பும் வெச்சுத் திரும்ப விடுவோம். முட்டை போடுற பெரிய பெட்டைகளைத் தேடி அது போகும், பின்னாடியே நாங்க போயி அந்தப் பெட்டைகளைப் பிடிச்சு அழிப்போம். உளவாளின்னு சொல்லுவோம். இது எங்க உளவாளி. பதினொண்ணாம் நம்பர். மூணு மாசமாக் காணோம்.

— நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க. நடந்ததை நானே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க பிஸ்கட் செத்துப்போச்சு. இன்னொண்ணு வாங்க வழியில்ல. கழுத்துல இருந்த சிப்பை வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டீங்க. கால்வாய்க் கரையில ஒரு காட்டுப் பாம்பைப் பிடிச்சு அதுக்குள்ள சொருகினீங்க. ஆனா நீங்க பிடிச்சது எங்க ஆளுன்னு உங்களுக்குத் தெரியல.

— தப்பு.

— எந்த இடம் தப்பு?

— முதல் வரியே தப்பு. பிஸ்கட் சாகல. தப்பிச்சுப் போச்சு. மூணு வருஷத்துக்கு முந்தின செப்டம்பர் புயல்ல அவகாடோ மரம் ஷெட்டு மேல விழுந்துச்சு. காலையில வந்து பார்த்தா பெட்டி ரெண்டாப் பிளந்து கிடக்கு.

— துறைக்கு போன் பண்ணீங்களா?

— போனை எடுத்தேன். வெச்சுட்டேன். சொன்னா என்ன செய்வீங்கன்னு தெரியும். அகப்பட்டா அங்கேயே கொல்லுவீங்க, பெர்மிட்டை ரத்து பண்ணுவீங்க. நானே தேடிக்கலாம்னு நினைச்சேன்.

— வருஷா வருஷம் போட்டோ அனுப்பச் சொல்றோமே. அனுப்பியிருக்கீங்களே.

— பழைய போட்டோ. ஒரு வருஷம் இடது பக்கம், ஒரு வருஷம் வலது பக்கம். யாரும் கேக்கல. நேர்ல வர்றது மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதானே, அது இந்தப் புதன்கிழமை. அதுக்குள்ள எப்படியாவது கண்டுபிடிக்கணும்னு நீங்க நடத்துற வேட்டைப் போட்டியில பேர் கொடுத்தேன்.

— மலைப்பாம்பு வேட்டையிலயா? நீங்களா?

— மூணு வருஷமும். வகுப்புக்குப் போயி, சான்றிதழ் வாங்கி, கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு. மத்தவங்க நீளத்தைப் பார்ப்பாங்க, நான் வாலைப் பார்ப்பேன். பிஸ்கட்டுக்கு சின்ன வயசுல பெட்டிக்குள்ள இருந்த சூட்டு விளக்குல பட்டு வாலுக்கு மேல ஒரு தீக்காயம், பிறை மாதிரி. நாப்பது பாம்பைத் திருப்பிப் பார்த்தேன். நாப்பதையும் விதிப்படி கொன்னு ஒப்படைச்சேன். போன வருஷம் மூணாவது பரிசு கொடுத்தாங்க, சின்னதா ஒரு கோப்பை. நாப்பத்தொண்ணாவது வாலுல பிறை இருந்துச்சு.

— உயிரோட கொண்டுவரக் கூடாதுன்னு தெரியும்ல?

— தெரியும். மெத்தை உறையில போட்டுக் கட்டி, முன்சீட்டுல வெச்சு, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன். வழியில உங்க ஆளுங்க வண்டியை நிறுத்தி எத்தனை கிடைச்சுதுன்னு கேட்டாங்க. ஒண்ணுகூட இல்லன்னேன். பாவம்னு தண்ணி பாட்டில் கொடுத்தாங்க.

— அதுக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?

— எங்க. கையிலயே கடிச்சுச்சு. பதிமூணு தையல். நாய் கடிச்சதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். வேணும்னா அந்த டிராயர்ல பழைய சீட்டு இருக்கு, பிஸ்கட்டுக்கு சிப் வெச்ச டாக்டர் எழுதினது. தீக்காயத்தையும் குறிச்சிருக்காரு. எடுத்துப் பாருங்க.

— வேண்டாம். நம்பறேன்.

— நம்பறீங்களா?

— ஆமா.

— சீட்டைப் பார்க்காமலே?

— நீங்க சொன்னாப் போதும், மேடம்.

— ஆபீசர், முப்பது வருஷமா கண்ணாடியில பின் சீட்டைப் பார்த்துக்கிட்டே வண்டி ஓட்டுறவ நான். யாரு சூயிங்கம் ஒட்டினான்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். ரெண்டு நிமிஷம் முன்னாடி என்னைத் திருடின்னீங்க. இது வீட்டுப் பாம்புதான்னு இப்ப நான் சொல்றேன், நீங்க ஆச்சரியமே படலையே.

— இந்த வேலையில எதுக்கும் ஆச்சரியப்பட மாட்டோம்.

— அது சரி. வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— ரேடியோ. போன வாரம் இந்த ரோட்டுல வரும்போது லேசா சிக்னல் வந்துச்சு. தகரக் கூரைங்கிறதால இத்தனை நாள் வெளிய கேக்கல.

— போன வாரமே தெரிஞ்சும் ஆபீஸ்ல சொல்லல.

— சொல்லல. கேளுங்க, மிசஸ் பிண்டர். புதன்கிழமை வர்றவங்க புது ஆளுங்க. வால் வரைக்கும் பார்ப்பாங்க. ரெண்டாவது சிப் கத்தினா பிஸ்கட் அன்னைக்கே முடிஞ்சுது, நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. இன்னைக்கு என்கிட்ட கொடுங்க. என் மச்சான் கால்நடை டாக்டர். ரேடியோவையும் அந்தச் சிப்பையும் எடுத்துட்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்.

— தையலோட?

— செதிலுக்கு நடுவுல போட்டா தெரியாது.

— கொண்டுபோயிக் கொன்னுட்டு, தையல் சேரலன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?

— கொல்லணும்னா இப்பவே ஜீப்பைக் கூப்பிட்டிருப்பேன்.

— அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ஏன் கூப்பிடல? பாம்பைப் பிடிச்சாச்சு, திருடியைப் பிடிச்சாச்சு, உங்களுக்கு மாலை போட்டிருப்பாங்க. அதை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை எனக்கு உபகாரம் பண்ண வந்திருக்கீங்க. நான் ஒரு தடவை துறைக்கு போன் போட்டுக் கேட்டுக்கறேன்.

— போன் வேண்டாம்.

— கையை எடுங்க.

— எடுத்துட்டேன். தயவுசெஞ்சு போனைக் கீழ வைங்க. பதினொண்ணாம் நம்பர் சாதாரணப் பாம்பு இல்ல. ரெண்டு சீசன்ல ஒன்பது பெட்டையைக் காட்டிக் கொடுத்துச்சு. நானூறு முட்டை. பேப்பர்ல படம் போட்டாங்க. இந்தத் திட்டத்துக்குத் தலைமையே எனக்கு அதனாலதான் கிடைச்சுது.

— என் பிஸ்கட் உங்களுக்குப் பதவி வாங்கிக் கொடுத்திருக்கு.

— அப்படியும் சொல்லலாம்.

— அப்ப ஒண்ணு கேக்கறேன். அந்த வேட்டை வகுப்புல உங்க துறையே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பிடிச்ச பாம்பை முதல்ல ஸ்கேன் பண்ணணும், சிப் இருந்தா சொந்தக்காரரைக் கூப்பிடணும், எக்காரணம் கொண்டும் திரும்பக் காட்டுல விடக் கூடாது. பிஸ்கட் கழுத்துல சிப் இருந்துச்சு. எனக்கு யாரும் போன் பண்ணலையே.

— பண்ணல.

— பண்ணியிருந்தா மூணு வருஷம் நான் கொசுக்கடியில அலைஞ்சிருக்க மாட்டேன். இல்ல, ஜெயில்ல இருந்திருப்பேன். எதுவோ ஒண்ணு. இப்ப புரியுது. ரேடியோ வைக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆளு எவனோ ஸ்கேனரை வண்டியிலயே மறந்து வெச்சுட்டுப் போயிருக்கான். சிப் இல்லைன்னு தாள்ல எழுதிட்டான். அந்தத் தப்பு வெளிய வந்துடுமேன்னு மூடி மறைக்க வந்திருக்கீங்க. யாரு அவன்? புதுசா சேர்ந்தவனா?

— தாள்ல இருக்கிறது என் கையெழுத்து.

— ஓ. நீங்களேதானா.

— நானேதான்.

— சரி, போங்க. மறதி யாருக்குத்தான் இல்ல? நானே ஒரு தடவை தூங்கிக்கிட்டிருந்த பிள்ளையோட பஸ்ஸைக் கொண்டுபோயி ஷெட்டுல பூட்டிட்டேன். திட்டுனாங்க, எழுதி வாங்கிக்கிட்டாங்க, விட்டுட்டாங்க. உங்களை மட்டும் வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா? ஸ்கேன் பண்ண மறந்துட்டேன்னு போய்ச் சொல்லுங்க.

— மறக்கல, மேடம். அன்னைக்குக் கரையில வெச்சே ஸ்கேன் பண்ணேன். நம்பரைப் பட்டியல்ல போட்டுப் பார்த்தேன். பிஸ்கட்டுங்கிற பேரு, உங்க பேரு, போன் நம்பர், இந்தத் தெரு, எல்லாம் வந்துச்சு. எனக்கு அப்ப உளவு பார்க்க ஒரு ஆண் பாம்பு வேண்டியிருந்துச்சு. நிதானமா படிச்சு முடிச்சுட்டுத்தான் ரேடியோவை வெச்சுத் தண்ணியில விட்டேன்.