செம்புச் சுரங்கத்து ஓடையில் ஒரு தவளை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமனாரும் மருமகனும். மருமகன் மடியில் பால்கோவாப் பொட்டலம்.

“மாமா, தவள வந்துருச்சு. இனி அவள அனுப்பி வைங்க” என்றார் மருமகன்.

படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

“ஆந்திராவுல அந்த மூடிப்போன செம்புச் சொரங்கத்துக்கா? பிரசவத்துக்கு வந்தப்ப அவ கொண்டாந்த சேல அம்புட்டும் அந்த ஓடத் தண்ணியில தொவச்சு ஓட்ட. அந்தத் தண்ணியிலயா மாப்ள பேரனக் குளிப்பாட்டணும்?”

“அது அப்போ மாமா. சொரங்கத்துல இருந்து வழியுத ஆசிட் தண்ணியில தெனமும் சுண்ணாம்பு கலந்துதான் விடுதோம். அதுக்குத்தான என்னைய அங்க வேலைக்கு வச்சிருக்காக. முன்னால ஓடையில ஒரு புழு இருக்காது. இப்ப தவள கத்துது.”

மாமனார் மருமகன் பக்கம் திரும்பினார்.

“எத்தன தவள?”

“ஒண்ணுதான் மாமா.”

“ராத்திரி பூரா கத்துதோ?”

“ஆமா மாமா.”

“கத்தத்தான் செய்யும். அதோட மாமனாரும் பொண்ண இன்னும் அனுப்பல போல.”